ஒத்திலியா சுமந்த பழி

"ரேடியோக்காரங்க வந்தா நீ அடுப்படிப் பக்கம் தலை காட்டக் கூடாது, ஆமா! பின்கட்டுல போய்க் கிழங்கு உரிச்சுக்கிட்டு உக்காரு. உன் வாயால இந்தக் குடும்பம் பட்டது போதும்!"

மாமியார் குஸ்தோதியா இப்படிச் சொன்னபோது காலை மணி ஏழு கூட ஆகவில்லை. ஒத்திலியா கல்லில் சோள அடையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அடுத்த அடையையும் திருப்பிப் போட்டாள். பன்னிரண்டு வருஷமாகக் கேட்கிற பேச்சுதானே... புதிதாக என்ன இருக்கிறது!

அன்றைக்கு ஊரே திருவிழாக் கோலம். ஊருக்குப் பின்னால் நிற்கும் கோந்தோர் கணவாய்ச் சாலைக்கு அவள் கணவன் பெலார்மினோவின் பெயரை வைக்கப் போகிறார்கள். நண்பகலில் உச்சியில் விழா. அதற்கு முன்னால், ஒன்பது மணிக்கு, வீட்டிலிருந்தே ரேடியோவில் நேரடி ஒலிபரப்பு.

பதினொரு வயது மகள் மிரெயா பள்ளிச் சீருடையோடு வந்து நின்றாள். பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் கொடி பிடிக்க உச்சிக்குப் போகிறார்கள். வெல்லத் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, போகிற போக்கில் அவள் சொன்னாள்: "அம்மா... ரேடியோ மாமா வந்தா நீ எதுவும் பேசிடாதே, சரியா? அப்பா பாவம்!"

மாமியார் திட்டியபோது வலிக்கவில்லை. இது வலித்தது. பெற்ற பிள்ளை வாயிலும் அதே பேச்சா? கிழவி ஊட்டி வளர்த்த விஷம் அது. ஒத்திலியா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் அடுப்புப் புகையைத் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எங்கள் மலை நாட்டில் சைக்கிள் பந்தயம் என்றால் சாமி ஊர்வலம் மாதிரி. மலை ஏறுகிற வீரர்களை வண்டுகள் என்றுதான் சொல்வோம். ஒரு வண்டு பந்தயத்தில் இருந்தால் ரேடியோ வண்டி ஒன்று அவன் தாய் வீட்டு வாசலில் வந்து நின்றுவிடும். ஜெபமாலையும் கையுமாகத் தாய் மைக்கின் முன்னால் உட்கார்ந்து, "ஏறு மகனே, ஏறு!" என்று அழுவாள். நாடு முழுக்கக் கூடவே அழும். குஸ்தோதியாவுக்கு அந்த மைக் என்றால் உயிர்.

ஐம்பத்து நாலு கிலோதான் பெலார்மினோ. செங்கல் சூளைக்குத் தினமும் மலை இறங்கி ஏறிப் பழகிய கால்கள். சரிவு செங்குத்தாக ஆக ஆக மற்றவன் மூச்சு வாங்குவான். இவன் சீட்டிலிருந்து எழுந்து மிதிப்பான். பல நாள் நடக்கும் தேசியப் பந்தயத்தில் இரண்டு முறை மலை ராஜா பட்டம் வாங்கினான். மூன்றாவது வருஷம் மொத்தப் பந்தயத்தையே ஜெயிக்கும் நிலையில் இருந்தான். பன்னிரண்டாம் நாள், எல்லாரும் அவன் கடைசி மலையில்தான் பாய்வான் என்று காத்திருக்க, அவன் முதல் மலை அடிவாரத்திலேயே பிய்த்துக்கொண்டு ஓடத் திட்டம் போட்டிருந்தான். அணித் தலைவருக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும். முந்தின நாள் போனில் வீட்டுக்குச் சொன்னான். அவ்வளவுதான்.

மறுநாள் காலை ரேடியோ நிருபர் எவரிஸ்தோ வீட்டுக்கு வந்தார். அடுப்படியில் உட்கார்ந்து கிழங்கு சூப் குடித்தார். பத்து நிமிஷம் கழித்து வாசலுக்குப் போய் நாடு முழுக்க முழங்கினார்: "சாம்பியன் வீட்டு அடுப்படியிலிருந்து சுடச்சுடச் சேதி! இன்றைக்கு முதல் மலையிலேயே பாய்ச்சல்!"

எதிரணியின் காரிலும் அதே ரேடியோதானே பாடிக்கொண்டிருந்தது! அடிவாரத்தில் பெலார்மினோ பாய்ந்தபோது மூன்று பேர் அவன் பின்சக்கரத்தில் ஒட்டிக்கொண்டார்கள். மாறி மாறிப் பாய்ந்து அவன் மூச்சை உடைத்துப் போட்டார்கள். பந்தயம் போயிற்று. 'வீட்டுக்குள் ரகசியம் தங்காத ஆளுக்குத் தலைமை தர முடியாது' என்று அணியிலும் கை விரித்துவிட்டார்கள். அதற்கப்புறம் ஐரோப்பாவுக்குப் போனான், ஜெயிப்பதற்கு அல்ல, வேறொரு வீரனுக்குத் தண்ணீர் சுமக்க. ஆறு வருஷம் அடுத்தவனைக் கடைசி மலை வரை இழுத்துக்கொண்டு போய் விட்டான். அவனுக்கென்று ஒரே ஒரு மலை வெற்றி. அதுவும் மூடுபனியில், யார் கண்ணிலும் படாமல். பிறகு ஓர் இறக்கத்தில் விழுந்து தோள் எலும்பு நொறுங்க, ஆட்டம் முடிந்தது.

தோற்று வந்த அன்று அவன் வாசலில் நின்று கத்தினான். "சொன்னது யாரு? யாரா இருந்தாலும் செத்தாலும் அவங்க முகத்துல முழிக்க மாட்டேன்!"

அடுப்புக்குப் பின்னால் குஸ்தோதியா மருமகளின் காலைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான்டி உளறிட்டேன்... பெருமையில சொல்லிட்டேன்... என் புள்ள என்னை ஒதுக்கிட்டா நான் செத்துடுவேன்டி! நீ அவன் பொண்டாட்டி. உன்னை மன்னிச்சிடுவான். சிக்கின்கிரா மாதா மேல ஆணை, உன்னைக் கைவிட மாட்டேன்!"

கல்யாணமாகி ஐந்தே மாதம். இருபத்திரண்டு வயசு. ஒத்திலியா வெளியே வந்து, "நான்தாங்க சொன்னேன்" என்றாள்.

அவன் மன்னிக்கவில்லை. மாமியாரோ ஆணையிட்டதைக் காற்றில் பறக்கவிட்டாள். முதல் வருஷம் தலை குனிந்திருந்தாள், இரண்டாம் வருஷம் முணுமுணுத்தாள், மூன்றாம் வருஷத்திலிருந்து "தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க!" என்று மருமகளையே குத்த ஆரம்பித்தாள். சொல்லிச் சொல்லி அதையே நம்பிவிட்டாளோ என்னவோ! பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ஒன்பது மணிக்கு ரேடியோ வண்டி வந்தது. இறங்கியவரைப் பார்த்ததும் குஸ்தோதியாவின் முகம் செத்துப்போயிற்று. அதே எவரிஸ்தோ! அந்தப் பந்தயம் முடிந்ததும் குத்துச்சண்டை வர்ணனைக்கென்று கடற்கரைப் பக்கம் மாற்றலாகிப் போனவர், இப்போது தலை நரைத்துத் திரும்பியிருந்தார்.

"அம்மா, அதே அடுப்படியில உக்காந்துதான் பேசணும். எனக்கு அதே சூப்பும் வேணும்!" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். வேறு வழியில்லாமல் ஒத்திலியா சூப் கிண்ணத்தோடு வந்தாள்.

நேரடி ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. பெலார்மினோ டையெல்லாம் கட்டிக்கொண்டு, குரலைச் செருமிக்கொண்டு பேசினான். "ஒரு விஷயம் சொல்றேன், நேயர்களே. என்னை ஜெயிச்சது எந்த வீரனும் இல்ல. என் பொண்டாட்டி வாய்தான்! அது மட்டும் மூடியிருந்தா..."

கூடியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். எவரிஸ்தோ மட்டும் சிரிக்கவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"என்ன சாம்பியன் இப்படிச் சொல்லிட்டீங்க? அன்னைக்கு உங்க சம்சாரம் வீட்டுலயே இல்லையே! மாட்டுக்குப் புல்லறுக்கப் போயிருந்தாங்க. சூப் ஊத்துனதும் சேதி சொன்னதும் அம்மாதானே!"

பெலார்மினோ அம்மாவின் பக்கம் திரும்பினான்.

"உமக்கு வயசாயிடுச்சுய்யா, மறந்துட்டீரு!" என்று குஸ்தோதியா பதறினாள். "அவதான் சொன்னா. அவளே ஒத்துக்கிட்டா. ஏண்டி, சொல்லுடி! சும்மா நிக்கிறியே!"

ஒத்திலியா மாமியாரையே பார்த்தாள். இந்தக் கடைசி நிமிஷத்திலுமா? இடுப்பிலிருந்த சமையல் துணியை அவிழ்த்து மேஜை மேல், மைக்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சுமந்தது போதும் அத்தை. இறக்கி வச்சுட்டேன். இனி நீங்க சுமங்க."

அவ்வளவுதான். கம்பளியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினாள். கணவாய்க்கு அந்தப் பக்கம் அக்கா வீடு. விழாவுக்காகச் சாலையை அடைத்திருந்தார்கள். பஸ் கிடையாது. ஆறு கிலோமீட்டர் ஏற்றம். நடந்தாள்.

ஒவ்வொரு வீட்டிலும் அதே ரேடியோ. முதல் வீட்டு ஜன்னலில் எவரிஸ்தோ என்ன செய்வதென்று தெரியாமல் தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்தார். இரண்டாவது வீட்டில் பெலார்மினோவின் குரல், "அம்மா, என் முகத்தைப் பாருங்க... சொல்லுங்க!" என்று கத்தியது. பால்காரி வீட்டைத் தாண்டும்போது ஒரு கிழவியின் விம்மல். ஒத்திலியா நிற்கவில்லை, ஆனால் கால் தானாகவே மெதுவானது. அடுத்த வீட்டுக் கதவு திறந்திருந்தது. "நான்தான்டா சொன்னேன்... அவ இல்ல... நான் காலைப் பிடிச்சேன், அவ பழியை ஏத்துக்கிட்டா... நான் பாவி!"

வாசலில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அவளையே பார்த்தார்கள். நேற்று வரை இதே பெண்கள் அவளைக் கண்டால் பேச்சை மாற்றியவர்கள். ஒருத்தி தண்ணீர் கொண்டு ஓடி வந்தாள். ஒத்திலியா வாங்கவில்லை.

இரண்டாவது வளைவில் பின்னால் மூச்சிரைப்பு கேட்டது. விழாவில் வைப்பதற்காகத் துடைத்து வைத்திருந்த பழைய பந்தய சைக்கிளில் பெலார்மினோ! டை தோளுக்குப் பின்னால் பறந்தது. தோல் செருப்பு மிதியில் வழுக்கியது. வழியெங்கும் நின்ற கூட்டம் பழக்க தோஷத்தில் "ஏறு, பெலார்மினோ, ஏறு!" என்று ஒரு முறை கத்திவிட்டு, அவன் முகத்தைப் பார்த்து அடங்கிப்போயிற்று.

"ஒத்திலியா... நில்லு... ஒரு நிமிஷம்..."

"உங்களுக்கு ஏத்தம் பழக்கம்தானே. கூடவே வாங்க."

"மன்னிச்சிடு. எனக்குத் தெரியாது... சத்தியமா தெரியாது!"

"கேட்டீங்களா? பன்னெண்டு வருஷத்துல ஒரு நாள், 'அன்னைக்கு நீ எங்கடி இருந்தே'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பீங்களா?"

அவன் இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தான். "நீயாவது சொல்லியிருக்கலாமே... அம்மாதான்னு தெரிஞ்சிருந்தா நான்..."

ஒத்திலியா சட்டென்று நின்றாள். "தெரிஞ்சிருந்தா? சொல்லுங்க, என்ன பண்ணியிருப்பீங்க? முகத்துல முழிக்காம இருந்திருப்பீங்களா?"

அவன் தலை குனிந்தது. "ரெண்டு நாள் கோபமா இருந்திருப்பேன்" என்றான்.

"ரெண்டு நாள்! பெத்தவளுக்கு ரெண்டு நாள்... கட்டினவளுக்குப் பன்னெண்டு வருஷம்! அதுதான் எரியுதுங்க எனக்கு! உங்க பந்தயம் போனதுக்கு நாடே அழுதுச்சு. என் வாழ்க்கை போனதுக்கு யாரு அழுதா?"

பெலார்மினோ அழுதான். நடுரோட்டில், ஊரார் முன்னிலையில், குழந்தை மாதிரி அழுதான். அவள் தேற்றவில்லை. அழட்டும் என்று நடந்தாள். அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

உச்சியில் கொடி, தோரணம், மேயர், பாண்டு வாத்தியம். அனுமதி பெற்ற ரேடியோ வண்டி அவர்களை முந்தி வந்து நின்றிருந்தது. அதிலிருந்து இறங்கிய குஸ்தோதியா தள்ளாடியபடி வந்து மருமகளின் காலில் விழப் போனாள். ஒத்திலியா இரண்டு தோளையும் பிடித்து நிறுத்தினாள்.

"வேண்டாம் அத்தை. ஒரு தடவை விழுந்தீங்க, அதுக்கே இவ்வளவு விலை. ஊருக்கெல்லாம் சொல்லிட்டீங்க, கேட்டேன். இன்னும் ஒருத்திகிட்ட சொல்லல."

கொடி பிடித்து நின்ற பிள்ளைகளின் கூட்டத்திலிருந்து மிரெயா ஓடி வந்தாள். காலையிலிருந்தே மலையில் நின்றவளுக்கு எதுவும் தெரியாது. அப்பாவின் சிவந்த கண்ணைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது. "அம்மா... நீ ரேடியோல ஏதாவது பேசிட்டியா?"

எவரிஸ்தோ மைக்கோடு நெருங்கினார். "அதை அணையுங்கய்யா" என்றாள் ஒத்திலியா. அவர் அணைத்துவிட்டார்.

நாடே கேட்க மைக்கில் சொன்ன கிழவிக்கு, ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல நா எழவில்லை. ஒத்திலியா விடவில்லை, நின்றுகொண்டே இருந்தாள்.

"உங்கம்மா... உங்கம்மா ஒண்ணும் சொல்லல, கண்ணு" என்றாள் குஸ்தோதியா கடைசியில். "அன்னைக்கும் இல்ல, என்னைக்கும் இல்ல. பாட்டிதான் சொன்னேன். பாட்டிதான் பொய்யும் சொன்னேன்."

மிரெயாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பாட்டியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பிறகு கொடியைக் கீழே போட்டுவிட்டு அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "நான் உன்னைப் பேசாதேன்னு சொன்னேனேம்மா... எப்பவும் சொன்னேனே!" என்று கதறினாள்.

மைக் முன்னாலும் அழாத, ஆறு கிலோமீட்டர் ஏற்றத்திலும் அழாத ஒத்திலியா அப்போதுதான் அழுதாள்.

அழுது முடித்து மகளின் மூக்கைத் துடைத்துவிட்டு, கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "அக்கா வீட்டுக்குப் போறோம், நானும் இவளும். எப்போ வர்றதுன்னு நான் சொல்லி அனுப்புறேன். அது வரைக்கும் அடுப்பு உங்க பொறுப்பு. அத்தைக்கு உப்பு குறைச்சுப் போடுங்க, ரத்தக் கொதிப்பு இருக்கு."

பெலார்மினோ சரி என்று தலையாட்டினான். மேயர் பெயர்ப்பலகைத் திரையை விலக்கக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவன் அசையவில்லை. அந்தப் பக்கச் சரிவில் தாயும் மகளும் கைகோத்து, வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.