மாத்திரை திறக்கும் கொசு

ஸ்டெல்லாவின் மகள் ரோஸ்லின் விழுங்கிய மாத்திரை, மறுநாள் ஓடுகூட உடையாமல் வெளியே வந்துவிட்டதாம். தூத்துக்குடி அடுக்ககத்தின் பதினோராம் மாடி முழுக்கச் செய்தி பரவ ஐந்து நிமிடம் பிடித்தது. பரப்பியவள் எதிர்வீட்டுச் சங்கரவடிவு. அவளுக்கு யார் சொன்னார்கள் என்றெல்லாம் கேட்கக் கூடாது.

நோயறி மாத்திரைகள் வந்தபின் இது சகஜம். உள்ளே போனதும் ஓடு உடம்பைச் சோதிக்கும். அட்டையில் அச்சிட்ட நோய் இருந்தால் திறக்கும். இல்லாவிட்டால் குடலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியேறும். வெளியே வைத்து உடைத்தாலோ மருந்து கெட்டுவிடும். ரோஸ்லினுக்கு மூட்டுகள் இறுகிக்கொண்டே போகும் வியாதி. அதற்குக் கேட்கிற ஒரே மருந்தின் அட்டையில் மலேரியா என்று மட்டுமே போட்டிருந்தது.

"வேற நோய்க்கு எழுதுறது சட்டப்படி குத்தமா டாக்டர்?" என்று ஸ்டெல்லா கேட்டாளாம்.

"குத்தமே இல்லம்மா. நான் தாராளமா எழுதலாம். மாத்திரைதான் ஒத்துக்காது."

பொங்கலுக்குள் பிள்ளை படுக்கையில் விழுந்துவிடும் என்றும் சொன்னாராம்.

அதன்பிறகு ஸ்டெல்லா அழவே இல்லை. சங்கரவடிவுக்கு அதுதான் உறுத்தல். போதாததற்கு, அவியல் கொடுத்தனுப்பிய தூக்குச்சட்டியும் திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் சாவியை இவளிடம் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குப் போனார்கள். சாவி கைக்கு வந்தால் சும்மா இருக்க முடியுமா? அடுக்களையில் அதே தூக்குச்சட்டி, வாய்க்கு வலைத்துணி கட்டியபடி. அந்த மாடியில் யாரும் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புவதில்லை. நமக்குத்தான் பலகாரம் என்று அவிழ்த்தாள்.

ஒரே ஒரு கொசு. முழங்கையில் சுருக்கென்று கடித்தது. பட்டென்று அடித்தாள்.

கோயிலிலிருந்து திரும்பிய ஸ்டெல்லா வாசலிலேயே அலறினாள். "யக்கா! கொன்னுட்டீங்களே! எங்க தம்பி மலைக்காட்டுல சீக்காளியக் கடிக்கவிட்டுப் பிடிச்சிட்டு வந்தது. பூசை கண்டுட்டு வந்து பிள்ளையக் கடிக்க விடலாம்னு இருந்தேன்!"

சங்கரவடிவு முழங்கையைத் தேய்த்தாள். "பெத்த பிள்ளைக்கு மலேரியா வாங்கிக் குடுப்பியாட்டீ?"

"மலேரியா வந்தாத்தானேக்கா மாத்திரை திறக்கும்?"

பன்னிரண்டு நாள் கழித்துச் சங்கரவடிவுக்குக் குளிர் தூக்கிப் போட்டது. மருந்து ட்ரோனில் உடனே வந்து இறங்கியது. தண்ணீரும் மாத்திரையுமாக உட்கார்ந்திருந்தபோது கதவு திறந்தது. ஸ்டெல்லா கையில் கண்ணாடிக் குப்பி. பின்னால் ரோஸ்லின், சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து நின்றாள்.

"முழுங்கிராதீங்கக்கா. ஒரு நிமிசம். மலேரியா பரப்புற நல்லதண்ணிக் கொசுதான், வீட்லயே வளர்த்தேன். உங்க ரத்தத்தக் குடிச்சா பத்து நாள்ல பிள்ளையக் கடிக்கத் தயாராயிரும்."

சங்கரவடிவு மாத்திரையைப் பார்த்தாள். பிள்ளையின் மடங்காத விரல்களைப் பார்த்தாள். மாத்திரையைக் கீழே வைத்துவிட்டுப் போர்வையிலிருந்து கையை நீட்டினாள்.

"ஒண்ணு கடிச்சாப் போதுமாட்டீ?"