ஏழாம் அறையின் முள்

முள் இறங்கவே இல்லை.

ஆபரேட்டர் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தான். ஏழாம் அறையின் வாயு மானியில் ஆறு மாதமாக வாரத்துக்கு ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்த முள் இன்று பச்சைக் கோட்டையும் தாண்டி மேலே நின்றது. அவன் கடைசியாக வாயு நிரப்பி ஐந்து வாரம் ஆகிறது. நிரப்பாத அறையில் வாயு எப்படிக் கூடும்?

அது ஒரு துணைமின் நிலையம். வெட்டவெளியில் பரந்து கிடக்க வேண்டிய கம்பிகளும் சுவிட்சுகளும் இங்கே ஒரே கூடத்துக்குள், வரிசையாக நின்ற, அறை அறையாகத் தடுத்த தடித்த உலோகக் குழாய்களில் அடைபட்டிருந்தன. மின்சாரம் தாவாமலிருக்க உள்ளே ஒரு வாயு. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை, விஷமும் இல்லை. ஆனால் காற்றைவிட ஐந்து மடங்கு கனம். கசிந்தால் தண்ணீரைப்போலப் பள்ளம் தேடிப் போய்த் தங்கும், அங்கிருக்கும் காற்றை மேலே தள்ளிவிடும். அதற்குள் இறங்கியவன் மூச்சை இழுப்பான், விடுவான், ஆனால் செத்துக்கொண்டிருப்பான்.

ஏழாம் அறை கசிவதற்குக் காரணம் யார் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். போன பராமரிப்பின்போது புது ரப்பர் வளையம் வரும்வரை காத்திருக்கச் சோம்பல்பட்டு, பழையதையே துடைத்துப் போட்டு மூடி, புதிது போட்டதாகக் கையெழுத்தும் போட்டவன் அவன்தான். அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை, காவலாளி சாப்பிடப் போகும் நேரத்தில், யாருக்கும் தெரியாமல் சிலிண்டரை உருட்டிவந்து குறைந்ததை நிரப்பிவைத்தான். யாரும் திடீரென்று உள்ளே வந்துவிடக்கூடாதே! அதனால் போகும்போது கதவை வெளியிலிருந்து பூட்டிக்கொண்டு போகும்படி காவலாளிக்கு அவனே சொல்லிவைத்திருந்தான். மாற்றுச் சாவி, நூறடி தள்ளியிருந்த அவன் குவார்ட்டர்ஸில், சமையலறை ஆணியில் தொங்கியது.

கசிந்த வாயு எங்கே போகிறது என்று மட்டும் அவன் யோசிக்கவில்லை. அது தரையில் கேபிள் போகும் ஓட்டை வழியாகக் கீழ்த்தளத்தில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

ஐந்து வாரத்துக்கு முன் அந்தக் கீழ்த்தளத்தில் வேலைக்கு இறங்கிச் செத்தது அவன் மச்சான். மனைவியின் கூடப்பிறந்த அண்ணன், கேபிள்களை இணைக்கும் ஜாயின்டர். மலைபோல உடம்பு, ஆனால் குரல் மட்டும் கீச்சுக்குரல். அந்தக் குரலோடு வேலை முழுக்கப் பாடிக்கொண்டே இருப்பார், யார் கேலி செய்தாலும் நிறுத்தமாட்டார். அவன் மகளின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு ஒரு பலூனில் இந்த வாயுவை அடைத்துக் கொண்டுவந்தார். உள்ளே இழுத்துப் பேசினால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலத் தடித்துவிடும், இந்த வேலையில் இருப்பவர்களுக்கெல்லாம் தெரிந்த வேடிக்கை. கதவுக்கு வெளியே நின்று, "கதவைத் தெற பாப்பா, கரடி வந்திருக்கேன்" என்றார். பாப்பா உள்ளேயிருந்து, "தெறக்கமாட்டேன், போ கரடி!" என்று கத்திவிட்டு உருண்டு உருண்டு சிரித்தாள். அன்றிலிருந்து வீட்டில் தினமும் அதே விளையாட்டு.

செத்த அன்று கீழ்த்தளத்தில் இறங்கும்முன் மச்சான் கேட்டார். "கீழ காத்து நல்லாருக்கா மாப்ளே?"

"அதெல்லாம் நல்லாருக்கு. போங்க."

அரை மணியில் கீழ்த்தளத்துப் போன் வந்தது. தடித்த குரல். "மாப்ளே... ஃபேனைப் போடுங்க... கால் வரல."

அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கரடி வந்துவிட்டது! "நடிச்சது போதும் மச்சான். சாப்பாடு ஆறுது, மேல வாங்க" என்று போனை வைத்தான். வைத்துவிட்டு, மேஜையிலிருந்த இரண்டு டிபன் கேரியர்களில் தன்னுடையதைத் திறந்து சாப்பிட்டும் முடித்தான். பாவி.

போன் வந்த விஷயம் விசாரணைக்கு வந்தவர்களுக்குத் தெரியாது. மனைவிக்கும் தெரியாது. "கடைசியா எதுவும் சொன்னாராங்க?" என்று ராத்திரி ராத்திரி அவள் கேட்கும்போதெல்லாம் இல்லை என்று தலையாட்டினான். தெரிந்தால் அவள் ஒரு நிமிடம்கூடத் தன்னோடு இருக்கமாட்டாள். அவர் செத்த அன்றோடு சிலிண்டரைத் தொடுவதையும் நிறுத்தியிருந்தான். குழந்தையிடம் மாமா வெளியூர் போயிருப்பதாகச் சொல்லிவைத்தார்கள்.

இப்போது பகல் பன்னிரண்டரை. காவலாளி வழக்கம்போலப் பூட்டிக்கொண்டு போய்விட்டான். ஜன்னலில்லாத கூடத்தில் குழல்விளக்குகளின் ரீங்காரமும், குழாய்களுக்குள் ஓடும் மின்சாரத்தின் இடைவிடாத உறுமலும், சூடேறிய பெயின்ட் வாசனையும் நிறைந்திருந்தன. அவன் கண்ணெதிரிலேயே முள் நடுங்கியது. ஒரு கோடு இறங்கியது. இன்னொரு கோடு. கசியும் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

மேஜையிலிருந்த போனில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. கீழ்த்தளம்.

கீழ்த்தளத்துப் போனை விசாரணைக்காரர்கள் கழற்றிக்கொண்டு போய் மாதம் ஒன்றாகிறது. கீழ்த்தளத்துக் கதவில் அரக்கு சீல் அப்படியே இருந்தது. இருந்தும் ரிசீவரை எடுத்தான்.

"மாப்ளே. காத்து நல்லாருக்கா?"

போன் கைநழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தான். சட்டைப்பையில் செருகியிருந்த, பிராணவாயு குறைந்தால் எச்சரிக்கும் கருவி வீரிட்டு அலறியது. நிமிர்ந்தான், நின்றுவிட்டது. கருவியைக் கையில் பிடித்து மெல்ல இறக்கினான். முழங்காலுக்கு வந்ததும் அலறியது. மேலே கொண்டுவந்தால் மௌனம்.

முழங்கால் மட்டத்துக்கு வாயு நிற்கிறது. பள்ளத்துக்குப் போகவேண்டியது மேலே ஏறுகிறது. ஆறு மாதமாகக் கீழே இறங்கியதெல்லாம் படியேறி வருகிறது.

ஃபேன் சுவிட்சைத் தட்டினான். சுற்றவில்லை. கதவுக்கு ஓடினான். இடித்தான், உதைத்தான். தடித்த இரும்பு. கருவி இப்போது இடுப்பில் அலறியது. கதவின் அடியில் விரற்கடை இடைவெளி இருந்தது. பதறியவனுக்குப் புத்தி எங்கே வேலை செய்யும்! மண்டியிட்டு, அதில் வாயை வைத்து, மூச்சை நன்றாக இழுத்துக் கத்தினான்.

வந்தது அவன் குரலில்லை. கரடியின் குரல்.

தள்ளாடி எழுந்து மேஜைக்கு வந்தான். காவலாளியின் அறை எண்ணை அழுத்தினான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு அழுத்தினான். நெஞ்சு. கருவி நெஞ்சில் அலறியது.

"அலோ, யாரு?" பாப்பா.

"பாப்பா... அம்மாவைக் கூப்பிடு."

அந்தப் பக்கம் ஒரே கூச்சல். "ஐ! கரடி மாமா! ஊர்லேர்ந்து வந்துட்டீங்களா?"

"மாமா இல்லடா... அப்பா... அம்மா எங்க?"

"அம்மா மாடியில துணி காயப்போடுறாங்க. நீங்க பேசுங்க மாமா!"

"சாவி... ஆணில சாவி... அம்மாகிட்ட குடு... கதவைத் தெற பாப்பா..."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

குழந்தைக்குச் சிரிப்பு பொங்கியது. இத்தனை நாளாக இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தாள்.

"இல்ல... பாப்பா... நெசமா... தெற..."

"தெறக்கமாட்டேன்! போ கரடி!"

போனை வைத்துவிட்டாள்.

கழுத்து. கருவி அலறிக்கொண்டே இருந்தது. கால் வரவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். ரிசீவர் கையிலேயே இருந்தது. அதில் யாரோ பாடினார்கள். கீச்சுக்குரல். சுத்தமான, மெல்லிய, பழைய குரல். பாட்டை நிறுத்திவிட்டு அது சிரித்தது.

"நடிச்சது போதும் மாப்ளே. சாப்பாடு ஆறுது. கீழ வாங்க."

எதிரே கீழ்த்தளத்துக் கதவின் அரக்கு உதிர்ந்தது. கதவு உள்பக்கமிருந்து திறந்தது. அடிப்படியில் மச்சான் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். நீலம் பாரித்த முகம். மடியில் அன்றைக்குத் திறக்காத டிபன் கேரியர். அவனைப் பார்த்ததும் சற்றே நகர்ந்து, பக்கத்தில் ஒரு ஆள் உட்கார இடம் விட்டார்.