இடது மணிக்கட்டு

முகத்தில் அமுக்கியிருந்த தலையணையை எடுத்தான் மாப்பிள்ளை.

மாமனார் அசையவில்லை.

இடது மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்தான். பத்து எண்ணினான்... இருபது... முப்பது...

நாடி இல்லை!

ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கியது. சைக்கிளில் வந்த தபால்காரரைக் காரால் இடித்துவிட்டு நிற்காமல் பறந்தவன் அவன். பக்கத்து சீட்டில் இருந்த ஒரே சாட்சி, மாமனார். அவருக்கு பைபாஸ் முடிந்து இன்று மூன்றாம் நாள். காலையில் போன் செய்தார்.

"இனிமே மறைக்க முடியாது மாப்ளே. வாங்க, பேசணும்."

பேச்சு முடிந்துவிட்டது.

தலையணையைப் பழையபடி செருகினான். முகத்தில் அழுகையைப் பூசிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினான்.

"சிஸ்டர்... மாமா போயிட்டாரு!"

கட்டுத்துணி அடுக்கிக்கொண்டிருந்த நர்ஸ் நிமிர்ந்தாள்.

"இப்பதானே என்கிட்ட வம்பளந்துட்டிருந்தாரு?"

"தூக்கத்துலயே... நாடி பாத்தேன். இல்ல."

"எந்தக் கையில?"

"இடது."

"அந்தக் கையில இருக்காதுங்க."

"என்னது?"

"அங்க இருந்த ரத்தக்குழாயைத்தான் எடுத்து இதயத்துல தைச்சிருக்காங்க. இப்பல்லாம் நீளமா கிழிக்கிறதில்ல. சின்னதா துளை போட்டு, கேமரா விட்டு உருவிடறாங்க. பிளாஸ்டரைப் பாக்கலியா?"

பார்த்திருந்தான். ஊசி குத்திய இடம் என்று நினைத்திருந்தான்.

உள்ளே... இருமல்!

நர்ஸ் ஓடினாள். அவன் கால்கள் வேறெங்கும் போக மறுத்து, பின்னாலேயே போயின.

மாமனார் நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"தலையணையால அமுக்கினாரு சிஸ்டர். மூச்சை அடக்கிப் பொணமா கிடந்தேன்."

நர்ஸ் மணியை அழுத்தினாள். காவலாளி வந்து வாசலை அடைத்து நின்றான்.

மாமனார் கண்ணில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"காட்டிக்குடுக்கவா கூப்பிட்டேன்? தபால்காரர் எழுந்து நடக்கறாரு மாப்ளே. நேத்து அவரோட போன்ல பேசினேன். நேர்ல வந்து மன்னிப்பு கேட்டா போதும், கேஸ் வேணாம்னுட்டாரு. அந்த நல்ல மனுஷன் திறந்துவிட்ட கதவை நீங்களே சாத்திட்டீங்க."

"மாமா... தெரியாம..."

"அது தெரியாம. இது?"

அவன் வாசலைப் பார்த்தான். காவலாளி நகரவில்லை.

"என் பொண்ணுகிட்ட நான் என்ன சொல்ல?"



நர்ஸ் தண்ணீர் டம்ளரை நீட்டினாள். பெரியவர் அதை வாங்கவில்லை.

"முதல்ல அவருக்குக் குடுங்க சிஸ்டர். கை நடுங்குது பாருங்க. ஸ்டேஷன்ல நிறைய கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்."