சேற்றுக்குள் இரண்டு தட்டு

மார்கழி வாடைக்காற்றில் பழவேற்காடு ஏரியின் சேறு எலும்பைக் குத்தும். அந்த ஒரு இடத்தில் மட்டும் அது வெதுவெதுப்பாக இருந்தது. திரௌபதி நின்றாள். பெட்ரோல் வாடையும் அழுகிய பாசியின் வாடையும் கலந்து மூக்கில் ஏறின.

"அண்ணி, இன்னா நின்னுட்ட?" தோணியிலிருந்து நாத்தனார் குப்பம்மாள் கேட்டாள்.

"ஒன்னுமில்ல. நீ கொடியப் பாத்துக்னே இரு."

கரையில் விமானத் திடல் தெரிந்தது. ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்று சனங்கள் நடுங்கிய வருஷத்தில் பனைகளை வெட்டிச் சாய்த்து, ஒல்லாந்தர் கோட்டையில் இடிந்து கிடந்த செங்கல்லைக் கொட்டி நிரவிய ஓடுபாதை. மீசை சரியாக முளைக்காத வெள்ளைக்கார இளவட்டங்கள் அங்கே விமானம் ஓட்டப் பழகினார்கள்; ஏரியில் குண்டு போட்டும் பழகினார்கள். கம்பத்தில் சிவப்புக் கொடி ஏறினால் ஏரிக்குள் ஒரு ஈ காக்கை இருக்கக்கூடாது.

பத்து நாளைக்கு முன்னால் ஒரு விமானம் ஏரியில் விழுந்தது. அதைக் கயிறு கட்டி இழுத்துப் போட்டுவிட்டார்கள், உள்ளே இருந்த இருவரைத்தான் காணோம். கையால் துழாவி இறால் பிடிப்பதில் அவள் புருஷன் எல்லப்பனை மிஞ்ச ஆளில்லை என்று, அவர்களைத் தேட அவனை இறக்கினார்கள் துரைமார். இடுப்பளவுத் தண்ணீர்தான். குனிந்தவன் நிமிரவில்லை. ஓடிப்போயிருப்பான் என்று வாய் கூசாமல் சொன்னார்கள். இன்று பிற்பகல் முதல் மறுபடியும் குண்டு பழகப்போகிறார்களாம். விழுகிற குண்டில் அவன் எலும்புகூட மிஞ்சாது. அதற்குள் அவனை எடுத்தாக வேண்டும்.

திரௌபதி தாடை தண்ணீரில் படக் குனிந்து இரண்டு கையாலும் சேற்றைத் துழாவினாள். கலங்கலில் கண்ணால் ஒரு பயனும் இல்லை. பக்கத்தில் துழாவுகிறவர் கையை நண்டென்று நினைத்து நசுக்கிவிடக் கூடாதே என்று, கையும் கையும் பட்டால் புறங்கையில் இரண்டு தட்டு தட்டுவது இவர்கள் வழக்கம். நான்தான் என்று அர்த்தம். தட்டுப்பட்டவரும் இரண்டு தட்டு தட்டிவிட்டு விலகிப் போவார்.

அவள் புறங்கையில் யாரோ இரண்டு தட்டு தட்டினார்கள்.

அவளும் பதிலுக்குத் தட்டினாள், பழக்கதோஷம். பிறகுதான் உறைத்தது. குப்பம்மாள் தோணியில் அல்லவா இருக்கிறாள்.

விரல் நுனியில் இன்னும் அந்தத் தொடுகை இருந்தது. மனுஷத் தோல் அல்ல, ஊறிப்போன கனத்த தோல் கையுறை. விரலோரத்தில் தையல். திடலில் அந்த இளவட்டங்கள் மாட்டிக்கொண்டு திரிவதைப் பார்த்திருக்கிறாள். இந்தத் தட்டு அவர்களுக்கு எப்படித் தெரியும்? யார் சொல்லிக்கொடுத்தது?

ஓடியிருக்கலாம். ஆனால் சொல்லிக்கொடுத்தவன் இங்கேதானே இருக்க வேண்டும். அவள் வேண்டுமென்றே கையைச் சேற்றுக்குள் ஆழமாக விட்டு, தானே இரண்டு தட்டு தட்டினாள்.

"வந்துட்டேன்யா," என்றாள்.

ஒரு கை வந்தது. வெறுங்கை. உப்பியிருந்தது. எப்போதோ நண்டு கடித்துச் சீழ்பிடித்துப் பாதி போன சுண்டுவிரல். அவன்தான். இரண்டு தட்டு. திரௌபதி வாய்விட்டு அழுதபடி அந்தக் கையைப் பற்றி இழுத்தாள்.

அது அவளைப் பற்றிக்கொண்டது.

"அண்ணி! கொடி ஏறுது! வா!"

இழுத்தாள். வரவில்லை. உதறினாள். விடவில்லை. அவன் ஒருநாளும் இப்படி இறுக்கிப் பிடித்ததில்லை. இடது கணுக்காலில் ஒரு கையுறை. இரண்டு தட்டு. வலது காலில். இரண்டு தட்டு. தொடைகளில் இன்னும் மூன்று. தொலைந்தவர்கள் இரண்டு பேர் என்றுதானே துரைமார் சொன்னார்கள்? இரண்டு பேருக்கு ஐந்து கை ஏது?

திடலில் விமானங்கள் உறுமத் தொடங்கின.

"எறங்காத குப்பு! எறங்காத!"

கேட்கவில்லை. குப்பம்மாள் குதித்து, தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்து, எட்டும் தூரத்தில் குனிந்து அவளை விடுவிக்கச் சேற்றில் கைவிட்டுத் துழாவினாள். திடீரென்று நின்றாள். முகத்தில் நிம்மதி பரவியது.

"அப்பாடா. நீதான அண்ணி தட்ன?"

திரௌபதியின் ஒரு கை சேற்றுக்குள் இறுகிக் கிடந்தது. மறு கை தலைக்கு மேலே, வேண்டாம் வேண்டாமென்று ஆடிக்கொண்டிருந்தது.

பதிலுக்குத் தட்டிய குப்பம்மாளின் தோள் இரண்டு முறை அசைந்தது.