ஒரே ஒரு ரிங்

காலையில் அவள் தன் கையாலேயே மூடிய புகார், மாலையில் மறுபடியும் திரையின் உச்சியில் வந்து உட்கார்ந்திருந்தது.

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு அவள் பொறுப்பு. புகாரைத் தீர்ப்பது மெக்கானிக் வேலை. மூடுவது அவள் வேலை. அதில் அவளுக்கு ஒரு வித்தை அத்துப்படி. புகார் கொடுத்தவரைக் கூப்பிடுவாள், ஒரு ரிங் போனதும் வைத்துவிடுவாள், 'வாடிக்கையாளர் எடுக்கவில்லை' என்று தட்டி மூடிவிடுவாள். இன்று நிலுவை ஒன்றும் இல்லையென்றால் நாளையிலிருந்து மேலாளர் நாற்காலி அவளுக்குத்தான்.

காலையில் போன் செய்தது ஒரு வயதான அம்மாள். 'லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டேன்' என்று பதிவாகியிருந்தது. இப்போது அதன் கீழே இன்னொரு வரி முளைத்திருந்தது: 'போனைக் கையில்தான் வைத்திருக்கிறேன்.'

"என்னடி, மூஞ்சியே சரியில்ல?" பக்கத்து இருக்கைக்காரி கைப்பையை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஒரு கிழவி. காலைலேர்ந்து உயிரை வாங்குது."

"ஆள் அனுப்பினியா?"

"அனுப்பினா நிலுவைல காட்டும். நாற்காலி போச்சு."

"அடிப்பாவி!" என்று சிரித்துவிட்டு அவள் படியிறங்கிப் போனாள்.

இவள் அந்த அம்மாளின் எண்ணை அழுத்தினாள். ஒரு ரிங். வைத்தாள். மூடினாள். அந்த ஒரு ரிங் காதில் கேட்டதோடு நிற்காமல், தாழ்வாரக் கோடியில், லிஃப்ட் இருக்கும் பக்கத்திலும் ஒலித்தது போலிருந்தது. யாருடைய போனோ என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

வீட்டுக்குக் கிளம்பி லிஃப்ட்டில் ஏறினாள். கதவு மூடியதும், துருவும் வியர்வையும் யாரோ அடக்க முடியாமல் பெய்துவிட்ட மூத்திரமும் கலந்த ஒரு நாற்றம், கழுவியும் போகாத பழைய நாற்றம், மெல்ல மேலெழுந்து மூக்கை அடைத்தது. இரண்டு மாடிகளுக்கு நடுவே எங்கோ கம்பி முனகியது, பெட்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றது, விளக்கு அணைந்தது.

அவசரப் பொத்தானை அழுத்தினாள். சத்தமில்லை. கதவைத் தட்டினாள், கத்தினாள். மேலே ஒருவரும் இல்லை. போனில் தன் கம்பெனிக்கே புகார் பதிந்தாள்.

உடனே போன் அடித்தது. திரையில் அவளுடைய மேசை எண்.

விரல் போவதற்குள் நின்றுவிட்டது.

குறுஞ்செய்தி வந்தது. 'வாடிக்கையாளர் எடுக்கவில்லை. புகார் மூடப்பட்டது.'

மறுபடி பதிந்தாள். ஒரு ரிங். நின்றது.

மறுபடி.

ஒரு ரிங்.

அழுகை வந்தது. முதுகுக்குப் பின்னால் யாரோ மெல்ல நகர்ந்தார்கள்.

"எடுக்க முடியாது கண்ணு," என்றது ஒரு வயதான குரல், காதோரம். "நானும் கைலதான் வெச்சிருந்தேன்."

அவள் தோளுக்கு மேலாக, நகங்கள் பிய்ந்த ஒரு கை நீண்டு வந்தது. அந்தக் கையிலும் ஒரு போன் இருந்தது.