பக்கத்தில் ஒருவர்

பச்சை விளக்கு எரிந்தது. எரியவே கூடாத இடத்தில், அவர் வீட்டுக் கூடத்தில்.

உள்ளங்கையில் அடங்கும் வீடியோ கேம் அது. அதைச் செய்த கம்பெனி ஒரு மழைக்காலம்கூடத் தாங்காமல் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. பேட்டரி அதைவிட மோசம், ஒரு பொழுது தாங்காது. ஜோடியாகத்தான் விற்றார்கள். ஒரே விளையாட்டு, கண்ணாமூச்சி. இன்னொன்று அருகே இருந்தால் பச்சை விளக்கு எரியும். நெருங்க நெருங்கத் துடிக்கும். ஒன்று அவரிடம். மற்றதைக் கையில் பிடித்தபடிதான் அவர் மகள் சென்ற கோடையில் காணாமல் போனாள்.

பஸ் டிரைவர் அவர். அதை முன்கண்ணாடிக்குக் கீழே சாத்தி வைத்துக்கொண்டு தெருத்தெருவாக ஓட்டினார், பஸ் போகக் கூடாத தெருக்களிலும்.

"அண்ணே, இந்த டப்பாவா பாப்பாவக் கண்டுபுடிக்கும்? இதச் செஞ்சவனையே இன்னும் தேடிட்டிருக்காங்க," என்பார் கண்டக்டர்.

"நீ விசில ஊதுய்யா."

"ஊதுறேன். ஆனா இது சுடுகாட்டு ரோடு. இங்க எறங்க யாருக்கும் அவசரமில்ல."

இப்போது மாலை மழையில் கரண்ட் போயிருந்தது. வெளிச்சத்துக்காக, வீட்டில் முதல்முறையாக அதைப் போட்டிருந்தார். மனைவி அவள் அம்மா வீட்டில். ஈரச் சுவரின் வாடையும், குழாய் சொட்டும் சத்தமும், ஜன்னல் கம்பிகளில் காற்று உரசிப் போகும் கீச்சொலியும் சூழ, அந்தப் பச்சைப் புள்ளியை ஏந்திக்கொண்டு அவர் அறை அறையாக நடந்தார். சமையலறையில் மங்கியது. படுக்கையறையில் துடித்தது. பரணுக்குக் கீழே வெறிபிடித்ததுபோல் துடித்தது.

ஒரு பொழுது தாங்காத பேட்டரி. இத்தனை மாதமாக அதை மாற்றுவது யார்?

ஸ்டூலில் ஏறிப் பழைய போர்வைகளை விலக்கினார். அங்கே இருந்தது. சூடாக. பக்கத்தில் செத்த பேட்டரிகளின் குவியல். சுவர்க் கடிகாரத்தில், டார்ச்சில், ரிமோட்டில் இருந்து காணாமல் போய், மனைவியைத் திட்டித் திட்டி அவர் திரும்பத் திரும்ப வாங்கிப் போட்டவை.

திரையில் எழுத்து வந்தது: கண்டுபிடித்துவிட்டீர்கள். இனி நீங்கள் ஒளியுங்கள்.

"பாப்பா? அப்பாதான்டா கண்ணு. எறங்கி வாடா."

பரணின் உட்கோடி இருட்டு சிரித்தது. அவள் சிரிப்புதான்.

"அழுகுணி ஆட்டம் ஆடாதீங்கப்பா. போய் ஒளிங்க. ஒண்ணு... ரெண்டு..."

பலகையில் முழங்கை இழுபடும் சத்தம். விளிம்பைத் தாண்டி ஒரு சின்னக் கை இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. தரையைத் தொட்டது. தோள் இன்னும் வரவில்லை.

ஸ்டூல் சரிந்தது. அவர் அலமாரிக்குள் புகுந்து கதவை உள்ளிருந்து இழுத்துப் பிடித்தார். முகத்தில் அவளுடைய பள்ளிச் சீருடைகள். அவளைக் கண்ணில் காட்டு என்று வேண்டாத நாளில்லை. இப்போதும் வேண்டினார். அவள் கண்ணில் நான் படக் கூடாது.

"ஒம்பது..."

வாயில் சட்டைக் காலரைத் திணித்துக்கொண்டார். மூச்சு. மழை. மூச்சு.

"பத்து."

அமைதி.

பிறகு, கதவின் மேலிடுக்கு வழியாக, அவர் தலைக்கும் மேலிருந்து, நகம் கடித்த சின்ன விரல்கள் ஒவ்வொன்றாக உள்ளே வந்து, அவர் தலைமுடியைச் செல்லமாகக் கோதின.