தட்டின் கடைசி வட்டம்

பேட்டரி செல் நான்கும் மொட்டை மாடியில் வெயில் காய்ந்துகொண்டிருக்க, கீழே ரெக்கார்டு பிளேயர் நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தது.

குழாயடியில் கை கழுவிவிட்டு வந்த முத்திருளன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். அவன் கல்லில் நார் உரிக்கிறவன் என்று செல்லூரில் பெயர். தீர்ந்துபோன செல்லையும் வெயிலில் போட்டு இன்னும் ஒரு பாட்டாவது வாங்கிவிடுவான். அதற்காகச் செல்லே இல்லாமல் பாட வைக்கும் அளவுக்கு அவன் கெட்டிக்காரன் இல்லை. எழுமலையிலிருந்து வந்த காளை என்பவன் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டுப் போன பெட்டி அது. "என் வீட்டுக்காரி செத்த அன்னைக்கு நின்னுச்சுண்ணே, எப்பிடியாச்சும் பாட வச்சிருங்க" என்றிருந்தான். முத்திருளன் பெல்ட் மாற்றி, சின்ன இசைத்தட்டு ஒன்றைப் போட்டு, முள்ளை ஓரத்தில் வைத்ததோடு சரி.

"தங்கப்பொண்ணு, இதுல செல்லு போட்டியா?"

"நான் எதுக்குப் போடப் போறேன்? அதான் மாடியில காயுதுல்ல."

ஒரே அறை வீடு. பெட்டி இருந்த மேஜைக்கு எதிரே, அடுப்படிச் சுவரோரம் உட்கார்ந்து அவன் மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. அவள் விஷயத்தில் மட்டும் முத்திருளனுக்குக் கை தாராளம். அவள்மேல் அவனுக்கு உயிர்.

பக்கவாட்டு மூடியைக் கழற்றினான். செல் வைக்கிற குழி காலி. விரலை விட்டுப் பார்த்தான். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி உள்ளே ஒரு சூடு. மயிர் கருகும் வாசனை லேசாக வந்தது. நாதஸ்வரம் மெல்ல இழுத்தது; அது இழுக்க இழுக்க, எதிரே முறத்தின் சரசரப்பும் அதே இழுப்பில் தளர்ந்து, மறுபடி பாட்டு நிமிர்ந்தபோது தானும் நிமிர்ந்தது.

"என்னமோ கெறக்கமா வருதுங்க" என்றாள் தங்கப்பொண்ணு.

பெட்டியை நிறுத்திவிட வேண்டும் என்றுதான் தட்டின்மேல் கட்டைவிரலை அழுத்தினான். பாட்டு நின்றது. முறமும் நின்றது.

நிமிர்ந்து பார்த்தான். சாய்ந்த முறத்திலிருந்து அரிசி அவள் மடியில் கொட்டிக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை. நெஞ்சு ஏறவில்லை.

விரலை எடுத்தான். தட்டு நகர்ந்தது. அவள் மூச்சு வந்தது. ஆனால் தட்டு ஓய்ந்துகொண்டே போனது. ஒவ்வொரு சுற்றும் முந்தினதைவிட மெதுவாக.

ஆள்காட்டி விரலைத் தட்டின் ஓரத்தில் வைத்துத் தானே சுற்றினான். சீராக. விடாமல். அவள் முகத்தில் நிறம் திரும்பியது. முள்ளைத் தூக்கிவிடலாமா? தூக்கினால்? பயம். அக்கம்பக்கத்தைக் கூப்பிட வாசல் பக்கம் திரும்பினான், விரல் தளர்ந்தது, மறுபடி தட்டுக்கே திரும்பினான்.

அப்போதுதான் முள்ளைப் பார்த்தான். அது நடுவை நெருங்கிவிட்டிருந்தது. எந்தத் தட்டுக்கும் முடிவு உண்டு. இது தெரியாதா அவனுக்கு? வேகத்தைக் குறைத்தான். அவள் திணறினாள். கூட்டினான். முள் ஓடியது.

நாதஸ்வரம் முடிந்தது. முள் கடைசி வட்டத்தில் விழுந்து அங்கேயே சிக்கிக்கொண்டது.

டக்.

"ஏங்க..." தங்கப்பொண்ணு அவன் பக்கம் தலையைத் திருப்பினாள். ஏதோ கேட்க வாய் திறந்தாள்.

டக்.

"ஏங்க..." தலையைத் திருப்பினாள். வாய் திறந்தாள்.

விரல் நுனி தோல் உரிந்து தட்டின் ஓரம் சிவந்தது. அவன் சுற்றிக்கொண்டிருந்தான்.

டக்.

"ஏங்க..."